பசித்தவன் எடுத்தால் திருட்டா? அறவியல் வகுப்பில் இருப்பவர்களுக்கு

தமிழ்நாட்டில் கத்தோலிக்கத் துறவற சபைகள் நடத்தும் கல்லூரிகளில் சேர்ந்தால், பி.காம். எடுத்தாலும் இயற்பியல் எடுத்தாலும், கால அட்டவணையில் ஒரு வகுப்பு தவறாமல் இருக்கும். பல இடங்களில் அந்த மணி அடித்ததும் வகுப்பு இரண்டாகப் பிரியும்: கத்தோலிக்க மாணவர்கள் மறைக்கல்விக்கு, மற்றவர்கள் அறவியலுக்கு. பெயர் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். மாணவர் வாயில் அது 'வேல்யூ எஜுகேஷன்' அல்லது 'எத்திக்ஸ் கிளாஸ்'. பெரும்பாலும் இரண்டு கிரெடிட். தேர்வுக்கு முந்தின ராத்திரி புரட்டினால் போதும் என்று சீனியர்கள் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்.

அந்த அறிவுரையைக் கேட்டால் தேர்ச்சி பெறலாம். ஆனால் பாடத்தின் உயிர் போய்விடும். 'நேர்மை வேண்டும், பெரியோரை மதிக்க வேண்டும்' என்று எழுதுவதற்கு யாரும் கல்லூரிக்கு வர வேண்டியதில்லை. இந்த மரபு உண்மையில் கற்றுத்தருவது வாதம் செய்யும் முறையை: எதிராளியின் கட்சியை அவரைவிட வலுவாக எடுத்துச் சொல்லிவிட்டு, பிறகு பதில் சொல்வது. திருச்சி தூய வளனார் கல்லூரி 1844-இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883-இல் திருச்சிக்கு வந்தது. சென்னை லயோலா 1925-இல் தொடங்கியது. இரண்டையும் நடத்துவது இயேசு சபை. அந்தச் சபை தன் கல்வித்திட்டத்தை 1599-இல் எழுதி முடித்தபோதே, மெய்யியல் மாணவர்கள் வாராவாரம் எதிரெதிர்க் கட்சியாக நின்று வாதிட வேண்டும் என்று விதித்திருந்தது. இன்றைய வகுப்புகளில் அந்த வாத அரங்கம் மங்கிப்போயிருக்கலாம். அதை நீங்களே உயிர்ப்பித்துக்கொள்ள ஒரு நோட்டும் ஒரு பேனாவும் போதும்.

ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு எப்படிப் படிப்பது என்று பார்ப்போம். 13-ஆம் நூற்றாண்டின் கத்தோலிக்க இறையியலாளரும் மெய்யியலாளருமான தோமா அக்குவினாவின் 'சும்மா தியாலஜிக்கா' என்ற பெருநூலில், இரண்டாம் பகுதியின் இரண்டாம் பாகத்தில், 66-ஆம் வினாவின் 7-ஆம் கூறு. 1271, 1272 வாக்கில் எழுதப்பட்டது. கேள்வி இதுதான்: கடுந்தேவையில் இருப்பவன் திருடலாமா? ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அச்சில் ஒன்றரைப் பக்கம்கூட வராது. இருந்தும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

மேலிருந்து கீழாகப் படித்தால் மாட்டிக்கொள்வீர்கள். ஒவ்வொரு கூறும் நான்கு பாகமாக இருக்கும். முதலில் எதிர்வாதங்கள், பெரும்பாலும் மூன்று. பிறகு 'ஆனால் இதற்கு மாறாக' என்று ஒரே ஒரு வரி. அடுத்து 'நான் விடையளிக்கிறேன்' என்று தொடங்கும் நடுப்பகுதி. கடைசியில் முதலில் வந்த எதிர்வாதங்களுக்கு வரிசையாக மறுமொழி. எதிர்வாதங்கள் முதலில் நிற்பதால்தான் மாணவர்கள் தவறு செய்கிறார்கள். 'தேவை இருந்தாலும் திருடக் கூடாது என்று தோமா அக்குவினா கூறுகிறார்' என்று எழுதி, முதல் எதிர்வாதத்தை மேற்கோளாகக் கொடுத்துவிடுவார்கள். அவர் மறுக்கப்போகிற கருத்தை அவர் தலையிலேயே கட்டிவிடும் இந்தப் பிழையை, விடைத்தாள் திருத்தும் ஆசிரியர் முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார். அதற்குப் பிறகு நீங்கள் எழுதியதை அவர் நம்பிக்கையோடு படிக்க மாட்டார்.

படிக்க வேண்டிய வரிசை வேறு. முதலில் கேள்வி, அடுத்து 'இதற்கு மாறாக' என்ற வரி, பிறகு நடுப்பகுதி. அதன்பின் முதல் எதிர்வாதம், முதல் மறுமொழி, இரண்டாம் எதிர்வாதம், இரண்டாம் மறுமொழி, மூன்றாவதும் அப்படியே. ஒரு ஏ4 தாளை நெடுக்காக மடித்து, இடப்பக்கம் எதிர்வாதத்தை உங்கள் சொந்தத் தமிழில் எழுதுங்கள். மறுமொழியைப் பார்க்கும் முன், நீங்களாக இருந்தால் என்ன பதில் சொல்வீர்கள் என்று வலப்பக்கம் இரண்டு வரி. பிறகுதான் தோமாவின் பதில். இந்த இரண்டு வரிகளைத் தாண்டிக் குதித்துவிட்டால் மிச்சமெல்லாம் மனப்பாடம்தான்.

இந்தக் கூறில் இடப்பக்கம் என்ன வரும்? ஒன்று: பசியாலோ உடுக்க இல்லாமலோ உணவையும் உடையையும் திருடியவன் மூன்று வாரம் தவம் இருக்க வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் சொல்கிறது, தவறே இல்லையென்றால் தவம் எதற்கு? இரண்டு: பெயரிலேயே தீமை ஒட்டியிருக்கும் செயல்கள் சில உண்டு, அவற்றில் திருட்டும் ஒன்று என்கிறார் அரிஸ்டாட்டில், தன்னளவில் தீய செயல், நோக்கம் நல்லதாக இருப்பதால் நல்லதாகிவிடுமா? மூன்று: பிறருக்குத் தானம் செய்யத் திருடக் கூடாது என்கிறார் திருச்சபையின் பழைய ஆசான் அகுஸ்தீன், தன்னைப்போல் பிறரை நேசி என்பது கட்டளை, அப்படியானால் பிறருக்காகச் செய்யக் கூடாததைத் தனக்காக மட்டும் எப்படிச் செய்வது? மூன்றுமே கனமான வாதங்கள். இரண்டாவதைப் பல தடவை படியுங்கள். 'நோக்கம் நல்லதாக இருந்தால் எதுவும் சரி' என்று நண்பர்கள் சொல்லும்போது உடனே எடுத்துவைக்க வேண்டிய வாதம் அது.

தோமாவின் விடை இந்த மூன்றையும் ஒரே இடத்தில் மடக்குகிறது. உலகத்துப் பொருள்கள் எல்லாம் மனிதரின் தேவை தீர்க்கவே உள்ளன. இது இயற்கைச் சட்டம், அதாவது மனிதர் இயற்றாமலே பகுத்தறிவுக்குத் தெரியும் அறநெறி. 'இது என்னுடையது, அது உன்னுடையது' என்ற பங்கீடு மனிதர் செய்துகொண்ட ஏற்பாடு. மனித ஏற்பாடு இயற்கைச் சட்டத்தைத் தள்ளிவைக்க முடியாது. ஆகவே ஒருவரிடம் மிஞ்சிக் கிடப்பது இயற்கைச் சட்டப்படி ஏழைக்குச் சேர வேண்டியது. நீ பிடித்து வைத்திருப்பது பசித்தவனின் அப்பம், பூட்டி வைத்திருப்பது ஆடையற்றவனின் ஆடை என்ற பொருளில் புனித அம்புரோசின் பெயரால் ஒரு வரியை இங்கே எடுத்துக்காட்டுகிறார்.

இந்த இடத்தில் நிறுத்திவிடுகிறவர்கள் அதிகம். 'இருப்பவனிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம்' என்று முடித்துவிடுவார்கள். அடுத்த வாக்கியங்களில்தான் பூட்டு இருக்கிறது. ஏழைகள் பலர், எல்லோருக்கும் எல்லாப் பொருளும் எட்டாது, ஆகவே யாருக்கு எப்படிக் கொடுப்பது என்பதை உடைமையாளரின் பொறுப்பிலேயே தோமா விடுகிறார். அந்தப் பொதுவிதி நெகிழ்வது ஒரு சூழலில் மட்டும்: தேவை வெளிப்படையாகவும் உடனடியாகவும் இருக்க வேண்டும், வேறு வழி எதுவும் இருக்கக் கூடாது. இந்த இரண்டு நிபந்தனையும் பொருந்தினால், வெளிப்படையாக எடுத்தாலும் மறைவாக எடுத்தாலும் அதற்குத் திருட்டு என்ற பெயரே பொருந்தாது என்கிறார். இரண்டாம் எதிர்வாதத்துக்கான பதில் இதற்குள்ளேயே இருக்கிறது. நல்ல நோக்கம் தீய செயலை நல்லதாக்கியதாக அவர் சொல்லவில்லை. அந்தத் தருணத்தில் அந்த உணவு அவனுடையதாகவே ஆகிவிட்டது, ஆகவே நடந்த செயலே வேறு என்கிறார். செயலின் பொருள், செய்பவரின் நோக்கம், சூழ்நிலை என்று கத்தோலிக்க அறவியல் எப்போதும் மூன்றாகப் பிரிப்பதன் பயன் இங்கே கண்ணுக்குத் தெரியும். 'சூழ்நிலையால் மன்னிக்கலாம்' என்று எழுதுவதும் 'சூழ்நிலை செயலின் இயல்பையே மாற்றியது' என்று எழுதுவதும் ஒன்றல்ல. முதலாவது குற்றத்தை ஒப்புக்கொண்டு கருணை கேட்கிறது. இரண்டாவது குற்றமே இல்லை என்கிறது.

இதே வினாவின் 5-ஆம் கூறு, திருட்டு எப்போதும் பாவம் என்கிறது; 6-ஆம் கூறு அது சாவான பாவம், அதாவது இறைவனோடுள்ள உறவையே முறிக்கும் கனத்த பாவம் என்கிறது. இணையத்தில் 'அக்குவினா, திருட்டு' என்று தேடினால் இவைதான் முதலில் கண்ணில் படும். 7-ஆம் கூறைப் படிக்காமல் இவற்றை மட்டும் மேற்கோள் காட்டுவது பாதி உண்மை. 2-ஆம் கூறையும் சேர்த்துப் படித்துவிடுங்கள்: ஈட்டவும் நிர்வகிக்கவும் சொந்த உடைமை சரி, ஆனால் பயன்படுத்துவதில் அதைப் பொதுவாகக் கருத வேண்டும் என்ற பாகுபாடு அங்கேதான் இருக்கிறது. பின்னால் வந்த ஆவணங்களில் இரண்டு போதும். உலகெங்குமுள்ள கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' ஏட்டின் 69-ஆம் பத்தி, கடும் தேவையில் இருப்பவருக்குப் பிறர் செல்வத்திலிருந்து எடுத்துக்கொள்ள உரிமை உண்டு என்கிறது. கத்தோலிக்கப் போதனைகளின் தொகுப்பான மறைக்கல்வி ஏட்டின் 2408-ஆம் பத்தி அதையே திரும்பச் சொல்கிறது. இதை மேற்கோள் காட்டும்போது 'உடனடியான, வெளிப்படையான' என்ற சொற்களை விட்டுவிடாதீர்கள்.

தமிழில் படித்து வந்தவர்கள் இந்த முறையைக் கண்டு மிரள வேண்டியதில்லை. நூலுக்குரிய ஏழு மதங்களை, அதாவது ஒரு நூலாசிரியர் பிறர் கருத்தை எதிர்கொள்ளும் ஏழு நிலைகளை, நன்னூல் சொல்லும்போது 'பிறர்தம் மதம் மேற்கொண்டு களைவே' என்று ஒன்றைச் சொல்கிறது. மேற்கொண்டு, அதாவது முதலில் அதை ஏற்று எடுத்துவைத்துவிட்டு, பிறகு களைவது. தோமா வாழ்ந்த அதே 13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியார் என்ற சைவ சித்தாந்த நூலைப் பரபக்கம், சுபக்கம் என்று பிரித்துப் பாடினார். மற்றவர் கொள்கைகள் முதலில், தம் கொள்கை பிறகு. பாரிசிலும் தமிழகத்தின் நடுநாட்டிலும் ஒரே காலத்தில் ஒரே ஒழுங்கு. அறவியல் கட்டுரையில் இதைக் குறிப்பிட்டால் அது வெறும் அலங்காரமாக இருக்காது.

குறளை எடுத்தாளும்போதுதான் பெரிய பிழை நடக்கிறது. எந்தத் தலைப்பு கொடுத்தாலும் கடைசிப் பத்தியில் ஒரு குறளைத் தொங்கவிடுவது வழக்கமாகிவிட்டது. இந்தக் கேள்விக்குப் பெரும்பாலோர் தேர்வது 'அற்றார் அழிபசி தீர்த்தல்' என்ற 226-ஆம் குறள். ஏழையின் பசியைத் தீர்ப்பதுதான் ஒருவன் தன் பொருளைச் சேமித்துவைக்கும் இடம் என்பது அதன் பொருள். அம்புரோசின் வரியோடு அழகாகப் பொருந்தும். ஆனால் அது கொடுப்பவனைப் பற்றிய குறள். நம் கேள்வி எடுப்பவனைப் பற்றியது. அதற்கு நேரே போய் மோதுவது 656:

ஈன்றாள் பசிகாண்பான் ஆயினுஞ் செய்யற்க
சான்றோர் பழிக்கும் வினை

பெற்றவள் பசித்திருக்கக் கண்டாலும் சான்றோர் பழிக்கும் செயலைச் செய்யாதே. தோமாவுக்கு எதிராக இதைவிட வலுவான எதிர்வாதம் கிடைக்காது. இடப்பக்கத்தில் நான்காவது எதிர்வாதமாக இதை எழுதிவிட்டு உரையைத் திறவுங்கள். இந்தக் குறள் அறத்துப்பாலில் இல்லை. பொருட்பாலில், அமைச்சியலில், வினைத்தூய்மை என்ற அதிகாரத்தில் இருக்கிறது. பரிமேலழகர் அதைப் பிடித்துக்கொள்கிறார். முதிய தாய் தந்தையரும் மனைவியும் குழந்தையும் பசியால் வருந்தும்போது தீயன செய்தாவது காப்பாற்றுக என்ற பொதுவிதி அறநூல்களில் உண்டு. அரசுத் தொழிலில் இருக்கும் அமைச்சருக்கு அந்த விலக்கு கிடையாது என்பதால் வள்ளுவர் இப்படிச் சொன்னார் என்பது அவர் உரை. ஊர்ப் பணத்தைக் கையில் வைத்திருப்பவனுக்கும், கையில் ஒன்றுமில்லாத பசித்தவனுக்கும் அளவுகோல் வேறு. எனக்கு இந்த உரை தோமாவின் விடையைவிடவும் கூர்மையாகப் படுகிறது. தோமா தேவையின் கடுமையை மட்டும் பார்க்கிறார். பரிமேலழகர் 'யார்' என்ற கேள்வியையும் சேர்க்கிறார். குறளில் 'சான்றோர் பழிக்கும் வினை' என்றிருப்பதால், கடும்பசியில் எடுத்ததைச் சான்றோர் பழிப்பார்களா என்று தோமாவின் பக்கம் நின்று திருப்பிக் கேட்கவும் இடம் இருக்கிறது. குறளைத் தொங்கவிடாமல் மோதவிட்டால் கிடைப்பது இது.

'நான் கிறிஸ்தவன் இல்லையே, இந்த வாதம் என்னைக் கட்டுமா?' என்று கேட்கிறவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். வாதத்தின் ஒவ்வொரு படியின் ஓரத்திலும் ஒரு எழுத்தைக் குறியுங்கள்: பகுத்தறிவால் நிறுவக்கூடியது என்றால் 'ப', விசுவாசத்தை ஏற்றால்தான் நிற்கும் என்றால் 'வி'. இந்தக் கூறில் 'இறைவனின் பராமரிப்பு' என்ற சொல்லுக்கு அருகில் 'வி' வரும். பங்கீடு மனித ஏற்பாடு என்பதற்கு 'ப' வரும். பிறகு 'வி' குறித்தவற்றை எடுத்துவிட்டு, முடிவு இன்னும் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் எல்லோரிடமும் அதை எடுத்துச் செல்லலாம். சாய்ந்தால் எந்த இடத்தில் சாய்ந்தது என்று எழுதுங்கள். கத்தோலிக்க மாணவர்களுக்கும் இந்தப் பயிற்சி தேவை. 'திருச்சபை சொல்கிறது' என்று எழுதி வாதத்தை முடித்துக்கொள்ளும் பழக்கம் அவர்களிடம்தான் அதிகம்.

சட்டத்தையும் அறத்தையும் குழப்பாதீர்கள். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆம் பிரிவில், 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளை முதல் தடவை திருடித் தண்டிக்கப்படுபவர், பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்தால் சமூக சேவை மட்டும் தண்டனை என்று இருக்கிறது. சட்டம் இளகியிருக்கிறது, ஆனால் திருட்டு என்றே பெயர் சொல்கிறது. இதைக் கட்டுரையில் உண்மையாகச் சேர்க்கலாம், வாதமாகச் சேர்க்கக் கூடாது.

1,000 சொல் கட்டுரை என்றால் இப்படிப் பங்கிடுங்கள்: நிகழ்வும் கேள்வியும் 150, எதிர்க்கட்சியின் மிக வலுவான வாதம் 250, உங்கள் முடிவும் காரணமும் 350, எதிர்வாதத்துக்குப் பதில் 200, உங்கள் முடிவு எந்தச் சூழலில் பொருந்தாது என்பதற்கு 50. எதிர்வாதத்துக்கு இரண்டே வரி ஒதுக்குவதுதான் வழக்கமான பிழை. நிகழ்வு கற்பனையாக இருக்க வேண்டாம். 2018 பிப்ரவரியில் கேரளத்தின் அட்டப்பாடியில், அரிசி திருடினார் என்று சொல்லி ஒரு பழங்குடி இளைஞரைக் கைகளைக் கட்டி அடித்தார்கள், கட்டப்பட்டிருந்தவரோடு செல்ஃபியும் எடுத்தார்கள், அவர் இறந்துபோனார். 2023 ஏப்ரலில் மண்ணார்க்காடு சிறப்பு நீதிமன்றம் 14 பேரைக் குற்றவாளிகள் என்றது. இதைப் பற்றி எழுதுபவர்கள் அடித்தவர்களைக் கண்டித்துவிட்டு முடித்துவிடுகிறார்கள். கண்டிக்க வேண்டியதுதான், அதில் வாதத்துக்கு இடமே இல்லை. அடுத்த கேள்வியில்தான் வேலை இருக்கிறது: அவர் எடுத்திருந்தால்கூட அது திருட்டா? 'வேறு வழியில்லை' என்ற நிபந்தனையை யார் சரிபார்ப்பது? அந்த ஊரில் மிஞ்சிக் கிடந்தது யாரிடம்?

கடைசியாகக் களப்பணி. பல கல்லூரிகளில் கிராமத்துக்கோ குடிசைப் பகுதிக்கோ போய் வந்து அறிக்கை தர வேண்டும். திருச்சி தூய வளனார் கல்லூரியில் இதற்கென்றே ஷெப்பர்டு என்ற விரிவாக்கத் துறை இருக்கிறது. 1924-இல் தொடங்கிய அகில இந்தியக் கத்தோலிக்கப் பல்கலைக்கழக மாணவர் இயக்கம், நாம் ஐகஃப் என்று அழைப்பது, நடத்தும் முகாம்களிலும் இதே முறைதான்: பார், தீர்ப்பிடு, செயல்படு. பெல்ஜியத்தில் இளந்தொழிலாளரோடு வேலை செய்த கார்டைன் என்ற குரு வகுத்தது. 1961-இல் திருத்தந்தை 23-ஆம் யோவானின் சுற்றுமடலிலேயே இடம்பெற்றது. இதில் கெட்டுப்போவது எப்போதும் முதல் படி. தீர்ப்பை வீட்டிலேயே எழுதிவைத்துக்கொண்டு பார்க்கப் போகிறார்கள். பசி என்ற கேள்வியையே தொடர்வதானால் ஒரு ரேஷன் கடை வாசலில் இரண்டு நாள் காலை, இரண்டிரண்டு மணி நேரம் நில்லுங்கள். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் அரிசி வாங்காமல் திரும்பினார்கள், ஏன்: கைரேகை விழவில்லை, சர்வர் இல்லை, சரக்கு வரவில்லை, அட்டையில் பெயர் இல்லை. நான்கு கட்டம் போட்டு எண்ணினால் போதும். தமிழ்நாட்டில் 2011 ஜூனிலிருந்து ரேஷன் அரிசிக்கு விலை இல்லை. மிக வறியவர்களுக்கான அந்தியோதயா அட்டைக்கு மாதம் 35 கிலோ. அந்த எண்ணுக்கும் நீங்கள் எண்ணியதற்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பதே அறிக்கை. பெயர் எழுத வேண்டாம். முகத்தைப் படம் எடுக்க வேண்டாம். அட்டப்பாடி செல்ஃபிக்குப் பிறகு அதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

இந்தக் கூறு பிடிபட்டதும் அடுத்து அதே பாகத்தின் 77-ஆம் வினா, 3-ஆம் கூறுக்குப் போங்கள். நான்காவது எதிர்வாதத்தில் ஒரு கோதுமை வியாபாரி வருகிறார். பஞ்சத்தால் விலை ஏறிக் கிடக்கும் ஊருக்குச் சரக்கோடு வந்திருக்கிறார். பின்னால் இன்னும் பலர் கோதுமையோடு வருவது அவருக்கு மட்டும் தெரியும். அதை வாங்குபவரிடம் சொல்ல வேண்டுமா? மறுமொழியைப் பார்க்கும் முன் வலப்பக்கம் உங்கள் இரண்டு வரியை எழுதிவிடுங்கள்.